வேறு கயிறு கட்டிய மூட்டை

மேலுக்கு நல்லாத்தான் இருக்கு, உள்ளேதான் கெட்டிருக்கு என்று யார் சொன்னாலும் முருகேஸ்வரி முதலில் அவர் கையைத்தான் பார்ப்பாள். முகம் பொய்க்குப் பழகிவிடும், கை பழகாது என்பது அவள் எண்ணம். பூண்டு மண்டியில் பட்ட பாடு அப்படி.

இரண்டு வருசத்துக்கு முன்னால் நடந்தது. கொடைக்கானல் மலைமேல் கவுஞ்சியில் குத்தகைக்குப் பிடித்திருந்த, படிபோல வெட்டிய இரண்டு அடுக்கு நிலத்துப் பூண்டை எடுத்து, காயவைத்து, புகைபோட்டு, மூட்டை கட்டி, புருசன் பாலமுருகனோடு மலையிறங்கிப் போயிருந்தாள். வியாபாரி ஒரு பூண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். உதட்டைப் பிதுக்கினான். "பார்வைக்கு நல்லாத்தேன் இருக்கும்மா. உள்ள சொத்தை" என்று பாதி விலைக்குக் கேட்டான். பாலமுருகன் மூட்டையைத் தூக்கி வந்து வண்டிக்குப் பின்னால் வைத்தான். பச்சைக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சணல் கயிறு கட்டினான். பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைப் பிடித்து, "ஒன் மூட்டைன்னு சொல்லிக் கொண்டு போ மச்சான்" என்றான். அதே வியாபாரி, அதே கட்டைவிரல். இந்தத் தடவை, "ஆகா, இதுல்ல பூண்டு!" என்றான்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஒருத்தன் சொன்னதை நம்பணுமா வேண்டாமா என்று தெரியவில்லையா, கயிற்றை மாற்றிக் கட்டு.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை வேன் வந்தபோது முருகேஸ்வரி பொன்னுவேல் மேஸ்திரியின் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மேல் அடுக்கில் நின்றால் பள்ளிக்கூட வாசல் தெரியும். பெட்டி பெட்டியாக என்னவோ இறக்கினார்கள். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்றன.

"என்னத்தத் தேடுறாக மேஸ்திரி?"

"இதயத்தப் படம் புடிக்கிறாகளாம்" என்றார் பொன்னுவேல். "நோயாளியக் காட்டவே டவுன் ஆஸ்பத்திரியில அரை நாளு காத்துக் கெடக்கணும். இவுக என்னடான்னா நோயே இல்லாத புள்ளைகளத் தேடி மலையேறி வந்துருக்காக."

"காசு கேக்குறாகளா?"

"ஓசி."

"ஓசியா?" களைக்கொத்து நின்றுவிட்டது. "அப்ப என்னமோ இருக்கு."

சாயங்காலம் மகள் தமிழ்மதி வந்தாள். ஐந்தாம் வகுப்பு. வாயாடி. பையை இறக்கி வைக்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"நெஞ்சுல குளுகுளுன்னு ஒண்ணத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒண்ண வச்சுத் தேச்சாகம்மா. டிவியில என் இதயம் தெரிஞ்சுச்சு. மீனு வாய் மாதிரி தெறந்து தெறந்து மூடுச்சு."

"தேச்சது ஆம்பளையா, பொம்பளையா?"

"நர்ஸக்கா. திரை கட்டியிருந்தாக. மத்தவுகளுக்கு வெரசா முடிஞ்சிருச்சு. எனக்கு மட்டும் ரொம்ப நேரம் பாத்தாக. டாக்டரு சார் வந்து அவரும் பாத்தாரு."

"ஒனக்கு மட்டும் ஏன்?"

"என் இதயம் அழகா இருந்துருக்கும்" என்றாள் தமிழ்மதி.

மறுநாள் முருகேஸ்வரியை மகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு விட்டார்கள். டாக்டர் ராஜேஷ்குமார் சின்னப் பையனாட்டம் இருந்தார். அவளை உட்காரச் சொல்லி, தன்மையாகத்தான் பேசினார்.

"பாக்குறதுக்கு நல்லா இருக்காம்மா. ஆனா உள்ள ஒரு வால்வு லேசா கசியுது. ரத்தம் போற வழியில இருக்கிற கதவு மாதிரின்னு வச்சுக்கோங்க. சரியா மூடல."

முருகேஸ்வரி அவர் கையைப் பார்த்தாள். அவர் ஒரு காகிதத்தால் விரலில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவளுக்குத் தொண்டைவலி, காய்ச்சல் அடிக்கடி வருமா? முட்டி வீங்கியிருக்கா? ஒரு முட்டி சரியானதும் அடுத்த முட்டின்னு மாறி மாறி?"

போன பூண்டெடுப்பின்போது அப்படித்தான் ஆனது. முதலில் வலது முட்டி பந்தாக வீங்கியது. பூண்டுத் தைலம் காய்ச்சித் தடவினாள், வடிந்தது. நான்கைந்து நாளில் இடது முட்டி. அதற்கும் தைலம். பிறகு கணுக்கால். பிள்ளை லீவு நாளில் பூண்டுக்கட்டைத் தலையில் வைத்து ரோட்டுக்கு ஏற்றிக் கொடுத்ததால் வந்த வலி என்றுதான் நினைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் டாக்டர் அடுத்ததைக் கேட்டார். "சுமை ஏதாவது தூக்குறாளா? மேல ஏறும்போது மூச்சு வாங்குதா?"

முருகேஸ்வரியின் வாய் மூடிக்கொண்டது. ஓகோ, இதுதானா சங்கதி. முந்தின வருசம் ஜீப்பில் வந்த அதிகாரிகள் காட்டுக்குக் காடு ஏறி, பிள்ளைகளைச் சுமை தூக்க விடுகிறீர்களா என்று விசாரித்துப் பொன்னுவேலைக் கொடைக்கானலுக்கு அலையவிட்டார்கள். அன்றைக்கு ஜீப்பில் வந்தார்கள், இன்றைக்கு வேனில் வந்திருக்கிறார்கள். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டோம் என்று மிஷினோடு வந்திருக்கிறார்கள்.

"எம்புள்ள ஒரு துரும்பத் தூக்க மாட்டா" என்றாள். "முட்டியும் வீங்கல, கிட்டியும் வீங்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதா சார்?"

டாக்டர், எதற்கும் கொடைக்கானலுக்கு வந்து பெரிய மிஷினில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். சீட்டு முழுக்க இங்கிலீஷ். அதில் அவளுக்கு விளங்கியது மகளின் பெயருக்குக் கீழே போட்டிருந்த சிவப்புக் கோடு ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது தமிழ்மதி முன்னால் ஓடினாள். மூன்றாவது அடுக்கு ஏறியதும் வழக்கம்போல நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சோலைப் பக்கம் பார்த்தாள்.

"என்னடி?"

"காட்டுமாடு நிக்குதான்னு பாக்கேன்."

சூதானமான பிள்ளை என்று முருகேஸ்வரி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். இப்படி ஓடி ஆடுகிறதைப் போய் நெஞ்சு ஓட்டை என்கிறார்கள்.

பாலமுருகன் காய்கறி ஏற்றுகிற வண்டியின் டிரைவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காட்டித்தேன் பாப்பமே?" என்றான்.

"காட்டுனா? ஊசிங்கிறாக, ஆப்ரேசன்ங்கிறாக. நம்ம புள்ள இருமக்கூட இல்ல. பார்வைக்கு நல்லா இருக்கு, உள்ள கெட்டிருக்குன்னா... இதக் கேட்ட மாதிரி இல்ல ஒங்களுக்கு?"

பாலமுருகன் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தான். அது சந்தோசச் சிரிப்பு இல்லை. "மூட்டையா இருந்தாக் கயித்த மாத்திக் கட்டலாம். புள்ளைய என்ன பண்ணுவ?"

அந்த வாரமே கிராம நர்ஸ் விசாலாட்சி தேடி வந்தாள். தமிழ்மதிக்குப் பிறந்ததிலிருந்து தடுப்பூசி போட்டவள். உரிமையோடு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டாள்.

"ஏன் முருகேசு, கொடைக்கானல் போகலையா? டாக்டரு எனக்குப் போன் போட்டுப் போட்டுக் கேக்குறாரு."

"ஒங்களுக்கு என்னக்கா அம்புட்டு அக்கறை? தலைக்கு இம்புட்டுன்னு எதும் குடுக்குறாகளா?"

விசாலாட்சிக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டாள். "தொண்டையில வர்ற கிருமி முட்டியில வலிச்சிட்டுப் போயிரும். ஆனா நெஞ்சுல தங்கி அந்தக் கதவ அரிச்சிரும். இப்பவே புடிச்சா மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டு மேல கெடாமத் தடுக்கலாம். விட்டுட்டா, பின்னால பிரசவத்தப்ப மூச்சு நிக்கும், ஆப்ரேசன்ல போயி முடியும்."

"எம்புட்டு நாளைக்கு ஊசி?"

"வருசக்கணக்கா. கல்யாண வயசு வரைக்கும்கூட ஆகும்."

"அப்ப மணமேடைக்கே வந்து போட்டுட்டுப் போவீகளா? பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறுன்னு நீங்களே பத்திரிகையில அச்சடிச்சிருங்க. வேலை ரொம்பக் கொறையும்." முருகேஸ்வரி விளக்குமாற்றை எடுத்தாள். அவள் கூட்டத்தான் எடுத்தாள். விசாலாட்சி அப்படி நினைக்கவில்லை. செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனபிறகு முருகேஸ்வரிக்கு வேலை ஓடவில்லை. பிரசவத்தில் மூச்சு நிற்கும் என்ற பேச்சு காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொய்யாக இருந்தால் பிள்ளைக்கு வருசக்கணக்கில் வீண் ஊசி. நிசமாக இருந்தால்? அதை முழுசாக நினைக்கவும் பயமாக இருந்தது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, பள்ளங்கியில் இருக்கும் அண்ணன் பெண்டாட்டி அன்னக்கொடி போனில் பேசினாள். அண்ணன் மகள் சௌம்யாவும் ஐந்தாம் வகுப்புதான். அங்கேயும் அதே வேன் வந்ததாம். அன்றைக்கு அவர்கள் காதுகுத்துக்குப் பாலசமுத்திரம் போய்விட்டதால், விட்டுப்போன பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்துக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"எனக்குக் கேரட் கழுவுற எடத்துல சோலி தலைக்கு மேல கெடக்கு. ஒங்க அண்ணனும் ஊர்ல இல்ல. போகாட்டித்தேன் என்ன?"

"அதே டாக்டரா மதினி?"

"இது யாரோ டாக்டரம்மாவாம்."

முருகேஸ்வரிக்கு மண்டைக்குள் பச்சைக் கயிறு ஒன்று அவிழ்ந்தது. "நான் வாரேன் மதினி. சௌம்யாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன திடீர்னு பாசம் பொங்குது? போன பொங்கலுக்குக் கூப்பிட்டே வரல."

"சரி, வேண்டாம்னா விடுங்க."

"வேண்டாம்னு யாரு சொன்னா? வா, வா. வரும்போது பூண்டு எடுத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே, பாலமுருகன் முட்டைக்கோசு ஏற்றிப் போகிற வண்டியிலேயே தாயும் மகளும் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் மகளுக்குப் பாடம் நடந்தது.

"ஒன் பேரு என்ன?"

"சௌம்யா."

"அப்பா பேரு?"

"செல்வமுருகன் மாமா."

"மாமான்னு சொல்லாதடி!"

பாலமுருகன் ரோட்டைப் பார்த்தபடியே, "இது நல்லால்ல முருகேசு" என்றான். ஆனால் வண்டியை நிறுத்தவில்லை.

அன்னக்கொடி வேலைக்குப் போகிற அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை. சமுதாயக்கூடத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் சௌம்யாவுக்குக் கிரீம் பன் வாங்கிக்கொடுத்து, "அத்தை வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று உட்கார வைத்தாள் முருகேஸ்வரி. பிறகு தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

வாத்தியார் யாரும் இல்லை, அது ஒரு நிம்மதி. கவுஞ்சிக்கு வந்த முகங்களும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பையன் பெயர் கேட்டான்.

"சௌம்யா" என்றாள் தமிழ்மதி, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற ராகத்தில்.

திரைக்குப் பின்னால் டாக்டர் சண்முகப்பிரியா இருந்தார். கண்ணாடி போட்டவர், பேச்சில் பாதி இங்கிலீஷ். மகளைப் படுக்க வைத்துச் சட்டையை விலக்கிப் பசையைத் தடவினார்.

"ஜில்லுனு இருக்கும், பயப்படாத."

"தெரியும்" என்றாள் தமிழ்மதி.

முருகேஸ்வரி அவள் காலைக் கிள்ளினாள்.

இந்தத் தடவை அவள் டாக்டரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை மெதுவாக நகர்ந்தது. நெஞ்சுக்கு நடுவில் போனது, இடது பக்கம் சரிந்தது. ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் விலகிப் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தியது. டிவியில் மீன் வாய் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் அதன் ஓரத்தில் கலர்ப்பொடி தூவின மாதிரி ஒன்று பின்பக்கமாகப் பீறிட்டது.

வேறு கயிறு கட்டியாகிவிட்டது. இதுல்ல பூண்டு என்று சொல்லு தாயி. சொல்லிவிடு.

"அம்மா" என்றார் டாக்டர், "குழந்தைக்கு வால்வுல ஒரு லீக் இருக்கு."

முருகேஸ்வரி பிடித்திருந்த கட்டில் கம்பி பனி மாதிரிக் குளிர்ந்தது. டாக்டர் வாசல் பையனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். டாக்டர் பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மேட்டுல ஏறும்போது எப்படிம்மா இருக்கும்?"

"நின்னு காட்டுமாடு பாப்பேன்."

"தினமும் காட்டுமாடு வருமா என்ன?"

தமிழ்மதி அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வராது. மூச்சு வந்ததும் போயிருவேன்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா ஓட விட மாட்டாக."

யாரையெல்லாமோ சந்தேகப்பட்டவளுக்கு, வீட்டுக்குள் இருந்த இந்தக் கள்ளியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. மூன்றாவது அடுக்கில் இடுப்பில் கைவைத்து நிற்கிற அந்த நிற்பு எப்போது தொடங்கியது? பூண்டெடுப்புக்கு முன்னாலா, பின்னாலா? முருகேஸ்வரி நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

டாக்டர் பேசிக்கொண்டே போனார். "போன வாரம் கவுஞ்சியிலயும் ஒரு குழந்தை. இதே வால்வு, ஆல்மோஸ்ட் இதே மாதிரி. அந்தம்மா வரவே மாட்டேங்குறாங்க. பேச வந்த நர்ஸை விளக்குமாறு எடுத்து விரட்டிட்டாங்களாம். நீங்களாவது ஒழுங்கா வாங்க. உங்களுக்கு அந்தப் பக்கம் யாராவது சொந்தம் இருந்தா, அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

முருகேஸ்வரி பதில் சொல்ல வாய் திறக்கும் முன்பே வாசலில் அலறல் கேட்டது.

"ஐயோ எம்புள்ள! எம்புள்ளைக்கு என்னாச்சு?"

அன்னக்கொடி. முழங்கால் வரைக்கும் சேலை நனைந்து, கையெல்லாம் கேரட் மண். அப்பாவையும் கூப்பிடச் சொல்லி டாக்டர் அனுப்பியதால், பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த வீட்டு நம்பருக்குப் பையன் போன் போட்டிருக்கிறான். உங்கள் மகள் சௌம்யாவுக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறது, உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். கழுவுகிற தொட்டியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். திரையைப் பிடுங்காத குறையாக விலக்கி உள்ளே வந்தவள், கட்டிலில் படுத்திருந்த தமிழ்மதியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இவ எங்க இங்க? எம்புள்ள எங்க?"

"எதித்த கடையில பன்னு தின்னுட்டு இருக்கா" என்றாள் முருகேஸ்வரி. "சௌம்யாவுக்கு ஒண்ணுமில்ல மதினி. அவளப் பாக்கவே இல்ல. இவளத்தேன் அவ பேரச் சொல்லிப் படுக்க வச்சேன்."

"என்னது?"

"அந்தக் கவுஞ்சிக்காரி நாந்தேன் டாக்டரம்மா. வெளக்குமாறு எடுத்தவ."

அன்னக்கொடியின் ஈரக்கை முருகேஸ்வரியின் முதுகில் சத்தமாக விழுந்தது.

"எம்புள்ள பேர்ல நோய எழுத வச்சியாடி? ஏண்டி, ஒனக்கு வேற பேரே கெடைக்கலையா? வர்ற வழியெல்லாம் எத்தன சாமியக் கும்புட்டேன் தெரியுமா? பாசம் பொங்குதேன்னு நெனச்சேன், பூண்டக் கண்டு ஏமாந்துட்டேன்!" அடுத்த அடிக்கு ஓங்கின கை பாதியில் நின்றது. கட்டிலில் தமிழ்மதி எழுந்து உட்கார்ந்து, பசை ஒட்டின நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்னக்கொடி கேரட் மண்ணோடு போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒன்ன ஒண்ணும் சொல்லலடி ராசாத்தி. ஒங்காத்தா புத்தியத்தேன் சொல்றேன்."

டாக்டர் சண்முகப்பிரியாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "இது என்ன விளையாட்டாம்மா? நாளைக்கு அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுத் தேவையில்லாம ஊசி போட்டிருந்தா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

முருகேஸ்வரி மண்டிக் கதையைச் சொன்னாள். சொத்தை என்றது, கயிறு மாற்றியது, ஆகா என்றது. டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. இப்ப நம்புறீங்களா?"

"மிஷின நம்புறேன்" என்றாள் முருகேஸ்வரி. "ஒங்கள இன்னும் நம்பல."

"அது போதும். அப்ப உண்மையைச் சொல்லுங்க. முட்டி வீங்குச்சா?"

"சுமை தூக்குனான்னு கேஸ் போட மாட்டீகளே?"

"நான் டாக்டர்மா."

சொன்னாள். வலது முட்டி, இடது முட்டி, கணுக்கால், அதற்கு முன்னால் வந்த தொண்டைவலி, காய்ச்சல், பூண்டுத் தைலம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். இதை அன்றைக்கே கவுஞ்சியில் சொல்லியிருந்தால் இத்தனை நாள் போயிருக்காது என்று மட்டும் சொன்னார். கிளம்பும் முன்பு சௌம்யாவையும் வாயில் கிரீமோடு கூட்டிவந்து படுக்க வைத்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அன்னக்கொடி அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கட்டிலைவிட்டு நகர்ந்தாள்.

கொடைக்கானலில் பெரிய மிஷினும் அதையேதான் சொன்னது. பாலமுருகனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கையில் துளி மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இடுப்பில் பெரிய ஊசி. கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். தமிழ்மதி போட்ட சத்தத்துக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கவுஞ்சியிலேயே உங்கள் சுகாதார நிலையத்தில் விசாலாட்சி நர்ஸ் இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது என்றார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தாயும் மகளும் போனபோது விசாலாட்சி அவர்களைப் பார்த்துச் சங்கடமாக நெளிந்தாள்.

"மருந்து இன்னும் வரல முருகேசு. அடுத்த வாரம் வா."

"வரலையா?"

"எழுதிப் போட்டுருக்கு. வந்துரும்."

முருகேஸ்வரி விசாலாட்சியின் கையைப் பார்த்தாள். அது மேசையில் இருந்த பேனாவை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது.

"அலமாரியத் தெறங்க."

"என்ன?"

"தெறந்து காட்டுங்கக்கா."

விசாலாட்சி திறந்து காட்டினாள். மாத்திரைப் பட்டைகள், பஞ்சு, இருமல் மருந்து. அந்த மருந்து இல்லை. முருகேஸ்வரி குனிந்து கீழ்த்தட்டுவரைக்கும் பார்த்தாள். நோயில்லாத பிள்ளையைத் தேடி மலையேறி வந்தார்கள், மிஷினைக் கொண்டுவந்தார்கள், சிவப்புக் கோடு போட்டார்கள். அவள்தான் நம்பவில்லை. இப்போது நம்பி வந்து நிற்கிறாள், அலமாரி காலியாகக் கிடக்கிறது. இதைத்தான் அவள் முதலிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இத்தனை நாளும் தப்பான கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எதுக்கு உக்காருற? அடுத்த வாரம்னு சொன்னேன்ல?"

"நீங்கதானக்கா எங்கூட்டு அடுப்படிக்கே வந்து சொன்னீக, தவறக் கூடாதுன்னு. அன்னைக்கு ஒங்கள விரட்டுனேன், தப்புதேன். இன்னைக்கு நீங்க விரட்டுங்க. நான் போக மாட்டேன்."

"ஏய், எனக்கு வேற சோலி இல்லையா?"

"போன் போடுங்க. போன் போட்டுப் போட்டுக் கேட்டாருன்னு சொன்னீகளே, அந்த டாக்டருக்கே போடுங்க."

விசாலாட்சி முறைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று யாரிடமோ கெஞ்சினாள், யாரையோ திட்டினாள். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "சாயங்கால பஸ்ல கண்டக்டர்கிட்டக் குடுத்து விடுறாகளாம். வரலேன்னா என்னத் திட்டாத."

சாயங்காலம் மூன்று பேருமே பஸ்ஸுக்காக நின்றார்கள். கண்டக்டர் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினார். விசாலாட்சி வாங்கும் முன்பே முருகேஸ்வரி வாங்கிவிட்டாள். ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்த சீசாவை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"தேதி போட்டுருக்கும். வாசி. முடிஞ்சு போனதக் குடுத்து விட்டுருப்பாக."

தமிழ்மதி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அடுத்த வருசம் வரைக்கும் இருக்கும்மா."

"நல்லாப் பாத்தியா?"

"ஏம்மா, வேணும்னா சௌம்யா பேர்ல ஒரு தடவ வாசிக்கவா?"

விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊசி போட்டு முடிந்து வீட்டுக்கு ஏறும்போது பனி இறங்கத் தொடங்கிவிட்டது. தமிழ்மதி ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். முருகேஸ்வரி பின்னால் வந்தாள். அந்தப் பெட்டியில் இன்னும் எத்தனை சீசா மிச்சம் இருந்தது என்று பார்க்காமல் வந்துவிட்டோமே என்று மனசு அரித்தது. நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த தவணைக்கு இப்போதே எழுதிப் போட்டார்களா என்றும் கேட்க வேண்டும். போட்டோம் என்றால், எங்கே காட்டு என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு வந்தது. தமிழ்மதி நிற்காமல் ஏறப் பார்த்தாள். முருகேஸ்வரி அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எதுக்கும்மா நிக்கச் சொல்ற?"

"காட்டுமாடு நிக்குதான்னு பாப்போம்."

தமிழ்மதி சோலையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்லம்மா."

"இல்லேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் முருகேஸ்வரி, மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு. "இன்னும் கொஞ்ச நேரம் நல்லாப் பாரு."